பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புதினங்களில் காதல்

வடக்கே பச்சைமலையும் நடுவே காவிரியும் அழகு செய்யும் இத்திருச்சிராப்பள்ளிச் சீமையில் பத்தாண்டுகளாகத் தமிழ் வளர்த்துவரும் நம் இலக்கிய வட்டத்தின் மலருக்குக் காதலைப் பற்றி எழுதுவது பொருத்தமே. நம் கவியரங்குகளில் மிகுதியாகப் பாடப்பட்ட பொருள் அதுவாகவே இருக்கும். காதலைப் பாட எழும் கவிஞர் பெரும்பாலும் குறுந்தொகையைத் தொட்டுத் தொடங்குவார். சங்கத் தலைவியின் நெஞ்சம் இடையறாமல் நம் காலம் வரை வந்து சேர்ந்தது போன்ற எண்ணம் அவையில் நிலவும். அவ்வெண்ணம் இனியது, ஆனால் வரலாற்றோடு பொருந்துவதன்று.

தமிழின் முதற்புதினமாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. அவ்வாண்டில் குறுந்தொகை அச்சேறவில்லை. சௌரிப்பெருமாள் அரங்கனார் அதனைப் பதிப்பித்தது 1915-இல். கலித்தொகையைச் சி. வை. தாமோதரம் பிள்ளை வெளியிட்டது 1887-இல், பத்துப்பாட்டு உ. வே. சாமிநாதையரின் பதிப்பாக வெளிவந்தது 1889-இல். அந்த உ. வே. சா. அவர்களே, 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த பிறகுதான் பழந்தமிழ்ப் பெருநூல்களின் பக்கம் திரும்பினார். ஆகவே முதற்புதின ஆசிரியரின் கையில் நாம் இன்று 'சங்கக் காதல்' என்று கொண்டாடும் பாடல்கள் இல்லை. புதினம் தோன்றிய பிறகே அவை பொதுமக்களுக்குக் கிடைத்தன. அப்படியானால் அக்காலத்துப் புதின ஆசிரியர்கள் காதல் என்பதை எங்கிருந்து பெற்றனர்? பெற்றதை எங்கே வைத்தனர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோவையின் தலைவர், புதினத்தின் ஆசிரியர்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தவர். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். 1857-இல் முன்சீப் பதவி பெற்றுத் தரங்கம்பாடி, சீகாழி, மாயூரம் ஆகிய ஊர்களில் நீதி வழங்கினார். உயர்நீதி மன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்துச் 'சித்தாந்த சங்கிரகம்' என 1862-இல் வெளியிட்டார். பெண்கல்வியை வலியுறுத்தி நூல்கள் எழுதினார்.

இவருடைய நெருங்கிய நண்பர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவரும் 1815-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த அதவத்தூரில் பிறந்தவரே. வேதநாயகம் பிள்ளையைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு மகாவித்துவான் 'குளத்தூர்க் கோவை' என்னும் நூலைப் பாடினார். இச்செய்தி நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. கோவை என்பது அகப்பொருள் நூல். இயற்கைப் புணர்ச்சியில் தொடங்கிக் களவு, வரைவு, கற்பு என நிரல்பட நடக்கும் அதில் இரண்டு தலைவர்கள் உண்டு. பாட்டுடைத் தலைவனுக்குப் பெயரும் ஊரும் புகழும் உண்டு. காதல் செய்யும் கிளவித்தலைவனுக்குப் பெயரில்லை, தலைவிக்கும் பெயரில்லை. அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. அந்நெறி மகாவித்துவான் காலம் வரை மாறவில்லை.

பெயரில்லாமை காதலுக்கு ஒரு பாதுகாப்பாகவும் இருந்தது. பெயரில்லாதவளுக்குச் சாதியில்லை, வயதில்லை, தந்தையின் தெருவில்லை. அவள் தினைப்புனம் காக்கலாம். தலைவனைத் தானே கண்டு விரும்பலாம். இரவில் அவனைச் சந்திக்கலாம். அவையிலிருந்து கேட்கும் குடும்பத் தலைவர்கள் எவரும் அவளைத் தம் மகளாக எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை எழுவதில்லை.

பெயருடைய காதலுக்கு அக்காலத் தமிழில் வேறு இடங்கள் இருந்தன. ஒன்று கோயில். திருவரங்கத்தில் தன் மணாளனைத் தானே தேர்ந்த ஆண்டாளுக்குச் சந்நிதி உண்டு. உறையூர்க் கமலவல்லி நாச்சியாரோடும் அரங்கநாயகித் தாயாரோடும் பெருமாள் சேர்த்தி காண்பதும், தாயாரின் ஊடலை நம்மாழ்வார் தீர்த்து வைப்பதும் ஆண்டுதோறும் பங்குனியில் நடைபெறுகின்றன. ஊடலும் கூடலும் தெய்வத்திற்கு விழாவாகவே இருந்தன. மற்றோர் இடம் கணிகையர் இல்லம். விறலிவிடு தூது போன்ற சிற்றிலக்கியங்களில் பொருளை இழந்து மீளும் ஆடவனின் காமம் விரிவாகப் பேசப்பட்டது. பெயரற்ற புனத்திலும், கோயிலிலும், கணிகையர் தெருவிலும் காதலுக்கு இடம் இருந்தது. இடமில்லாதிருந்தது ஒன்றே ஒன்று: குடும்பத்தார் வாழும் வீடு.

மகாவித்துவான் 1876-இல் மறைந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, அவருடைய கோவையின் பாட்டுடைத் தலைவர் ஒரு புதினத்தை வெளியிட்டார். அதில் காதல் செய்பவனுக்குப் பெயர் உண்டு. அப்பெயரிலேயே சாதியும் உண்டு. நூலின் தலைப்பே அதுதான். தமிழ்க் காதல் வரலாற்றில் இதனை ஒரு திருப்பம் எனலாம். பெயர் வந்தவுடன் குலம், முறை, தந்தையர் சம்மதம், சொத்து, குடியிருக்கும் வீடு ஆகிய அனைத்தும் காதலைச் சூழ்ந்துகொண்டன.

முறைப்பெண்ணும் விக்கிரமபுரியும்

பிரதாபனும் ஞானாம்பாளும் உறவினர். உடன் வளர்ந்து உடன் கற்றவர்கள். அவர்களிடையே அன்பு தோன்றக் காரணமாக அமைவது முதற்பார்வையன்று. நீண்ட பழக்கமும் கல்வியும் உரையாடலுமே. ஞானாம்பாள் பல இடங்களில் பிரதாபனைவிட அறிவிற் சிறந்தவளாக விளங்குகிறாள். அழகை வருணித்து நின்றுவிடாமல், ஒரு பெண்ணின் அறிவைக் காதலுக்குரிய காரணமாக நிறுத்தியது வேதநாயகம் பிள்ளையின் புதுமை. கேசாதிபாத வருணனையில் ஊறியிருந்த காலத்தில் இது சிறு மாற்றமன்று.

எனினும் அவர் எவ்வளவு எச்சரிக்கையோடு நடக்கிறார் என்பதும் நோக்கத்தக்கது. இருவரும் மணமுறை உடையவர்கள், ஒரே குலத்தவர்கள், செல்வ நிலையில் ஒத்தவர்கள். அவர்களுடைய விருப்பத்திற்குத் தடையாக வருவது சாதியோ வறுமையோ அன்று. மணமக்கள் எந்த வீட்டில் வாழ்வது என்பதில் இரு தந்தையருக்கும் எழும் பிணக்கே. காதலின் எல்லை முன்னரே வரையப்பட்டுவிட்டது. அவ்வெல்லைக்குள் நிகழும் சிக்கலே கதையாகிறது. கதைமாந்தரை மாசற்ற நற்பண்பினராகப் படைத்ததற்கு ஆங்கில அறிஞர் ஜான்சனின் கருத்தை ஆசிரியர் முன்னுரையில் துணையாகக் கொள்வதும் இவ்வெச்சரிக்கையின் பாற்பட்டதே.

ஆனால் நூலின் பிற்பகுதியில் ஒரு வியப்பு உண்டு. கணவனைப் பிரிந்த ஞானாம்பாள் ஆண் உடை தரித்து அவனைத் தேடிச் செல்கிறாள். விக்கிரமபுரி என்னும் நாட்டில் யானை அவளுக்கு மாலையிட, அவள் அரசனாக அமர்ந்து நீதி செலுத்துகிறாள். சிறையிலிருந்த கணவனையும் மீட்கிறாள். இது நாட்டார் கதைகளில் நாம் அறிந்த உத்திதான். ஆயினும் ஒரு முன்சீப், தாம் அமர்ந்த இருக்கையினும் உயர்ந்த இருக்கையில் ஒரு பெண்ணை அமர்த்திப் பார்த்தார் என்பதை எளிதாகக் கடந்துவிட இயலாது. ஞானாம்பாள் வாழ்ந்த ஊரில் அவளுக்குக் கிடைக்காத உரிமை, நிலப்படத்தில் இல்லாத ஒரு நாட்டில் கிடைக்கிறது. அதுவும் பெண் உடையைக் களைந்த பிறகே கிடைக்கிறது.

1887-இல் வந்த அவருடைய இரண்டாம் புதினமாகிய 'சுகுணசுந்தரி'யில் கதைநாயகி அரசகுமாரி. களம் கற்பனை நாடு. இளமை மணத்தின் தீமைகள் இந்நூலில் வெளிப்படையாகவே பேசப்படுகின்றன. பெண் வளர்ந்து, கற்று, தன் உள்ளத்தை அறிந்த பிறகு மணம் நிகழ வேண்டும் என்னும் கருத்தைச் சொல்ல ஆசிரியருக்கு ஓர் அரண்மனை தேவைப்பட்டது.

சட்டமும் திருமண வயதும்

அரண்மனை ஏன் தேவைப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ள அக்காலக் குடும்ப நிலையை நினைவுகூர வேண்டும். உயர்சாதிக் குடும்பங்கள் பலவற்றில் பெண்ணுக்குப் பூப்புக்கு முன்பே மணம் முடிந்துவிடும். அந்தணர் குடும்பங்களில் அது கட்டாயக் கடமையாகவே கருதப்பட்டது. எட்டு வயதில், பத்து வயதில் மணமாகும் சிறுமிக்கு மணத்துக்கு முந்திய காதல் என்பது பொருளற்ற சொல். களவு என்னும் கைகோளுக்கு அவ்வீட்டில் நாட்களே இல்லை.

இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-இல் பெண்ணின் இசைவு வயதைப் பத்து என வகுத்திருந்தது. மும்பையில் உருக்குமாபாய் என்னும் பெண், சிறுவயதில் தனக்கு மணமுடிக்கப்பட்டவரோடு வாழ மறுத்ததால் 1884-இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. அவ்வழக்கு இந்தியா முழுவதையும் நான்கு ஆண்டுகள் உலுக்கியது. தன் இசைவில்லாமல் நடந்த மணம் தன்னைக் கட்டுப்படுத்துமா என்பதே அவர் எழுப்பிய வினா. 1891-இல் இசைவு வயது பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. அதற்கே நாடெங்கும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையே நாட்டார் வழக்காடிக்கொண்டிருந்த அப்பத்தாண்டில்தான் தமிழின் சிறந்த தொடக்கப் புதினங்கள் எழுதப்பட்டன.

மணத்துக்குப் பின் மலர்ந்த காதல்

பி. ஆர். ராஜமையர், அ. மாதவையா ஆகிய இருவரும் 1872-இல் பிறந்தவர்கள். இருவரும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் அறிந்தவர்கள். ஷேக்ஸ்பியரின் காதலரையும் ஸ்காட்டின் வீரரையும் வகுப்பறையில் கற்றுவிட்டு, வீடு திரும்பினால் அங்கே மணம் முடிக்கப்பட்ட சிறுமியர் இருந்தனர். ஏட்டில் கற்ற காதலை வீட்டில் எங்கே தேடுவது என்பது அத்தலைமுறை இளைஞரின் உண்மையான இடர்ப்பாடு. அவர்கள் கண்ட விடை, காதலை மணத்துக்குப் பின்னே வைப்பது.

ராஜமையரின் 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்து, 1896-இல் நூலாயிற்று. இதில் இரண்டு தம்பதியர் உள்ளனர். சிறுவயதில் மணமான சீனிவாசனும் லட்சுமியும் ஒருவரையொருவர் மெல்ல அறிந்து அன்பு கொள்கின்றனர். இஃது இளமைக் காதல். முத்துஸ்வாமி ஐயரும் கமலாம்பாளும் நெடுநாள் வாழ்ந்தவர்கள். மகளுக்கு மணம் செய்து வைத்தவர்கள். அவர்களிடையே நிலவும் கேலியும் கோபமும் பரிவும் காட்டும் காதல் தமிழுக்குப் புதிது. கோவை நூல்கள் கற்பியலையும் பாடியதுண்டு. ஆயின் ஊடலுக்கு அங்கே பரத்தையே காரணம். இங்கே அன்றாட இல்வாழ்க்கையே காதலின் பொருளாகிறது. நடுவயதுப் பெண்ணொருத்தியை ஒரு காதற் கதையின் தலைவியாக இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர் எழுதத் தொடங்கினார் என்பது இன்றும் வியக்கத்தக்கது.

அக்காதலை முறிக்க வருவது அவதூறு. 'வம்பர் மகாசபை' என்று ஆசிரியர் பெயரிட்ட ஊர்ப்பேச்சில் தொடங்கும் தீங்கு பெருகி, கமலாம்பாளின் கற்பைப் பற்றிய பழியாக வளர்கிறது. அறிவும் அன்பும் நிறைந்த கணவரே கலங்கி வீட்டைத் துறக்கிறார். பின்னர் உண்மை விளங்கி இருவரும் ஒன்றுபடுகின்றனர். எனினும் அவ்வொன்றுபடல் பழைய இல்வாழ்வுக்குத் திரும்புவதாக அன்றி, ஆன்மிக நெறியில் கூடுவதாகவே அமைகிறது. இருபத்தாறு வயதில், 1898-இல் ராஜமையர் மறைந்தார்.

அதே ஆண்டில் மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' முதற்பாகம் வெளிவந்தது. நாராயணனும் பத்மாவதியும் இளமையில் மணந்து, கல்வியால் நெருங்கி, சென்னையில் தனிக்குடும்பம் நடத்துகின்றனர். மனைவிக்குக் கல்வி வேண்டும், அவள் நண்பர்களோடு உரையாட வேண்டும் என்று விரும்பும் கணவன் நாராயணன். ஆனால் அந்த உரையாடலே அவன் உள்ளத்தில் ஐயத்தை விதைக்கிறது; நெருங்கிய நண்பன் கோபாலனோடு மனைவியை இணைத்து ஐயுறுகிறான். ஐயம் நீங்கிக் கதை நலமாக முடிகிறது.

இவ்விரு புதினங்களையும் ஒருங்கே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இரண்டிலும் காதலுக்குச் சோதனையாக வருவது ஐயமே, சோதிக்கப்படுபவள் பெண்ணே. ஆண் ஐயுறலாம், வருந்தலாம், மன்னிப்பும் பெறலாம்; பெண் தான் குற்றமற்றவள் என்பது வெளிப்படும் வரை காத்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் கெதே 1774-இல் எழுதிய வெர்தரின் கதையில் கைகூடாக் காதலுக்காக ஆடவன் உயிர் துறக்கிறான். நாம் கண்ட தமிழ்ப் புதினங்களில் காதலுக்காக எவரும் மாய்வதில்லை; மாய வேண்டிய நிலை வருமுன்பே மணம் முடிந்துவிடுகிறது. காதலின் துன்பம் 'கிடைக்குமா' என்னும் ஏக்கமாக இல்லாமல், 'நம்பப்படுவேனா' என்னும் அச்சமாக மாறுகிறது. இந்த அச்சம் முழுமையும் பெண்ணின் பங்காகிறது. கணவனும் மனைவியும் நண்பராக வாழ வேண்டும் என்னும் புதிய கொள்கை வீட்டுக்குள் வந்தபோது, கற்பைக் காவல் காக்கும் பழைய கண்ணும் அதனுடனேயே வந்து அமர்ந்துகொண்டது.

திருச்சிராப்பள்ளி அரண்மனையில் ஒரு காதல்

மணத்துக்கு முந்திய காதலை எழுத விரும்பியவர்கள் வரலாற்றை நாடினர். திருகோணமலையில் பிறந்து சென்னையில் பணியாற்றிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895-இல் 'மோகனாங்கி' என்னும் புதினத்தை வெளியிட்டார். தமிழின் முதல் வரலாற்றுப் புதினம் எனப் போற்றப்படும் இந்நூலின் களம் நம் ஊரே. திருச்சிராப்பள்ளியில் இருந்து ஆண்ட சொக்கநாத நாயக்கருக்கும் தஞ்சை நாயக்கர் குலத்து மோகனாங்கிக்கும் இடையிலான காதலே அதன் பொருள். பின்னாளில் இந்நூல் சுருக்கப்பட்டுச் 'சொக்கநாத நாயக்கர்' என்னும் பெயரில் மாணவர் கைக்கும் சென்றது.

வரலாறு சொல்வது வேறு. சொக்கநாதர் தலைநகரை மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியவர். மலைக்கோட்டையை அடுத்து இன்று அரசு அருங்காட்சியகம் இயங்கும் மண்டபம் அந்நாயக்கர் அரண்மனையின் எஞ்சிய பகுதி. அவர் தஞ்சை விசயராகவ நாயக்கரின் மகளை மணம் பேசினார், தஞ்சை மறுத்தது, 1673-இல் படை சென்றது. முதியவரான விசயராகவர் களத்தில் வீழ்ந்தார். அந்தப்புரப் பெண்கள் பகைவர் கையில் சிக்காதவாறு வெடிமருந்திட்டு அழிக்கப்பட்டனர் என்று பழைய வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. ஓரிரு ஆண்டுகளில் தஞ்சை மராட்டியர் வசமாயிற்று. இந்நிகழ்ச்சி முழுவதிலும் ஒருவரது விருப்பம் மட்டும் பதிவாகவில்லை: யாரைக் கேட்டுப் படை நடந்ததோ அந்தப் பெண்ணின் விருப்பம்.

சரவணமுத்துப்பிள்ளை அப்பெண்ணுக்குப் பெயரும் குரலும் காதலும் தந்தார். அரசியல் பேரமாக இருந்த மணப்பேச்சு அவர் கையில் இரு நெஞ்சங்களின் கதையாயிற்று. வரலாற்றைத் திரித்தார் என்று இதனைக் குறை கூறுவோர் இருக்கலாம். ஆனால் அவர் மூன்றாண்டுகளுக்கு முன், 1892-இல், 'தத்தைவிடு தூது' என்னும் செய்யுள் நூலை வெளியிட்டவர் என்பதைச் சேர்த்து எண்ண வேண்டும். தூது என்னும் பழைய வடிவத்தை எடுத்து, அதன் வழியே பெண்ணின் உரிமையைப் பேசியவர் அவர். மோகனாங்கியில் அவர் செய்ததும் அதுவே. ஏடுகளில் வாய்திறவாத ஒருத்தியை வாய்திறக்கச் செய்தார். எனினும் அவருக்கும் இருநூறு ஆண்டுக்கு முந்திய ஓர் அரண்மனை தேவைப்பட்டது என்பதை மறத்தற்கில்லை.

பெண்ணின் இசைவு

அண்டை மொழியில் இதே காலத்தில் நிகழ்ந்ததை ஒப்பு நோக்குவது பயன் தரும். சந்து மேனன் எழுதிய 'இந்துலேகா' 1889-இல் மலையாளத்தில் வந்தது. அவரும் வேதநாயகம் பிள்ளையைப் போல முன்சீப். மலபாரும் அன்று சென்னை மாகாணத்தின் பகுதி. ஆங்கிலம் கற்ற இந்துலேகா, தன்னை நாடி வந்த செல்வ நம்பூதிரியை மறுத்துத் தான் விரும்பிய மாதவனையே மணக்கிறாள். அவளுக்குக் கற்பனை நாடும் வேண்டியிருக்கவில்லை. ஆண் உடையும் வேண்டியிருக்கவில்லை. நாயர் தரவாட்டில் பெண் வளர்ந்த பிறகே உறவு அமைந்ததால், அவள் தன் வீட்டில் நின்றுகொண்டே மறுக்க முடிந்தது. ஆகவே தமிழ்ப் புதின ஆசிரியரின் தயக்கம் அவருடைய உள்ளக் குறைவு அன்று. அவர் எழுதிய வீட்டின் அமைப்பே அப்படி இருந்தது.

இத்தயக்கத்தைப் பெண் ஒருவர் எழுதியபோது அது வேறு வண்ணம் பெற்றது. சென்னையில் வாழ்ந்து 1894-இல் மறைந்த கிருபாபாய் சத்தியநாதன் ஆங்கிலத்தில் எழுதிய 'கமலா' இளமை மணத்தில் சிக்கிக் கைம்மை எய்திய ஒருத்தியின் கதை. அது தமிழிலும் பெயர்க்கப்பட்டது. தன்னை விரும்பும் நல்லவர் ஒருவர் எதிரே நிற்க, கமலாவால் அவ்விருப்பத்தை ஏற்க இயலவில்லை. அவளைத் தடுப்பது அவளுக்குள்ளேயே குடிகொண்ட வழக்கம். பெண்ணின் இசைவைச் சட்டமும் சுற்றமும் மட்டுமன்றி அவளுடைய வளர்ப்பும் பறிக்கக்கூடும் என்பதை அந்நூல் காட்டிற்று.

மாதவையா 1892-இல் 'விவேக சிந்தாமணி'யில் 'சாவித்திரி சரித்திரம்' என்ற தொடரைத் தொடங்கினார். அது தொடர்ந்து வெளிவரவில்லை. இசைவு வயதுச் சட்டம் வந்து ஓராண்டே ஆகியிருந்தது. அக்கதையே 1903-இல் 'முத்துமீனாட்சி' என்னும் நூலாக வந்தது. ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்லும் வடிவில் அமைந்த அதில், கைம்பெண்ணான முத்துமீனாட்சி மறுமணம் செய்துகொள்கிறாள். கைம்பெண் மறுமணத்திற்குச் சட்டம் 1856-இலேயே இடம் தந்திருந்தது; கதைநாயகி ஒருத்தி அச்சட்டம் திறந்த கதவின் வழியே நடந்து செல்லத் தமிழ்ப் புதினத்திற்கு நாற்பத்தேழு ஆண்டுகள் ஆயின. விக்கிரமபுரியிலும் நாயக்கர் அரண்மனையிலும் உலவிய பெண்ணின் விருப்பம், அடுத்த தெருவிலுள்ள ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்தது அப்போதுதான்.

ஆயினும் இப்புதினங்கள் தொடாத எல்லை ஒன்று உண்டு. முதலியார் முதலியாரையே மணக்கிறார், ஐயர் ஐயரையே. கைம்மையின் வேலியைத் தாண்டிய பின்னும் சாதியின் வேலி நின்றது. பெயரற்ற கிளவித்தலைவி தாண்டியிருக்கக் கூடியதைப் பெயர் பெற்ற கதைநாயகி தாண்டவில்லை.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புதினங்களைக் கலைத்தரத்தால் மட்டும் மதிப்பிடுவோர், அவற்றில் உபதேசம் மிகுதி, கிளைக்கதை மிகுதி என்பர். அதில் உண்மை உண்டு. ஆனால் அவை ஏற்ற பணி பெரிது. பெயரற்ற புனத்திலும் கோயிலிலும் கணிகையர் தெருவிலும் இருந்த காதலை, பெயரும் முகவரியும் உடைய மாந்தரின் வீட்டுக்குள் முதன்முதலாக அழைத்து வந்தவை அவை. அழைத்து வந்தவர்கள் வாயிலிலேயே நிபந்தனைகளையும் விதித்தனர்: முறைக்குள் இரு, குலத்துக்குள் இரு, மணத்துக்குப் பின் இரு, ஐயத்துக்கு இடமின்றி இரு. அந்நிபந்தனைகளுள் பெரும்பாலானவை பெண்ணுக்கே உரியவை.

அதன் பிறகு சட்டம் நெடுந்தொலைவு வந்துவிட்டது. 1929-ஆம் ஆண்டுச் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்காக்கியது. இன்று அது பதினெட்டு. சுயமரியாதைத் திருமணங்களுக்கு 1967-ஆம் ஆண்டுத் திருத்தம் தமிழ்நாட்டில் சட்ட ஏற்புத் தந்தது. வயது வந்த இருவர் தம் இசைவால் மணந்துகொள்ளக் குடும்பத்தின் ஒப்புதலோ சாதியின் ஒப்புதலோ தேவையில்லை என்று உச்சநீதிமன்றம் 2018-இல் தெளிவாக உரைத்தது. இருந்தும் பெயரையும் ஊரையும் சாதியையும் உடைய காதலர் தம் வீட்டாராலேயே கொல்லப்படும் செய்தியை நாம் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். 1879-இல் வாயிலில் விதிக்கப்பட்ட நிபந்தனைகள் முற்றும் நீங்கிவிடவில்லை.

நம் கவிஞர் பெருமக்கள் காதலைப் பாடும்போது பெரும்பாலும் அவளுக்குப் பெயரிடுவதில்லை. அது தொன்றுதொட்டு வந்த அகமரபு. அதன் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் பெயரின்மை இன்று அவளுக்குப் பாதுகாப்பாக இருப்பதைவிட நமக்கே பாதுகாப்பாக இருக்கிறது. அவள் யார் மகள், எந்தத் தெருவினள், அவளைக் கேட்டார்களா, கேட்டபோது என்ன சொன்னாள் என்னும் வினாக்களிலிருந்து அது நம்மைக் காப்பாற்றிவிடுகிறது. குளத்தூரில் பிறந்த முன்சீப் ஒருவர், தம்மைத் தலைவராக வைத்துப் பாடிய கோவையின் சுகத்தோடு நின்றுவிடாமல், காதலர்க்குப் பெயரிட்டு எழுதத் துணிந்தார். அவர் அரைவழி சென்றார். ராஜமையரும் சரவணமுத்துப்பிள்ளையும் மாதவையாவும் மேலும் சில அடிகள் சென்றனர். அடுத்த பத்தாண்டில் நம் வட்டத்துக் கவிதைகள் எஞ்சிய வழியில் நடக்குமானால், அவற்றில் வரும் பெண் தன் பெயரைத் தானே சொல்வாள். தன் விருப்பத்தையும் தன் ஊரில், தன் வீட்டில் நின்றே சொல்வாள்.